துப்பாக்கிச் சத்தத்தை எண்ணியவர்கள்

ஆறு வயதுக் குழந்தையிடம் "யாரையாவது துப்பாக்கியால் சுட்டதை நீ பார்த்திருக்கிறாயா?" என்று எப்படிக் கேட்பது?

கேட்கவே கூடாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 1990 வாக்கில், அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில், ஜான் ரிக்டர்ஸ், பெட்ரோ மார்ட்டினெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனத்துக்காக அவர்கள் ஒரு சின்னப் புத்தகம் தயாரித்தார்கள். "நான் பார்த்தவையும் கேட்டவையும்" என்பது அதன் தலைப்பின் பொருள். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்காக ஒவ்வொரு வரியையும் ஒருவர் வாசித்துக் காட்டுவார். துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கிறாயா, யாரையாவது அடிப்பதைப் பார்த்திருக்கிறாயா, வெளியே பிணம் கிடந்ததைப் பார்த்திருக்கிறாயா... நடுநடுவே, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறாயா, பள்ளியில் பெரியவர்கள் அன்பாக இருக்கிறார்களா என்றும் வரும். ஒருமுறையும் இல்லை என்பதிலிருந்து பலமுறை என்பது வரை படத்தில் வட்டம் போட்டுக் காட்டினால் போதும்.

பிள்ளைகள் வட்டம் போட்டார்கள். பிள்ளைகள் பார்த்தவை பற்றித் தாய்மார்களிடமும் கேட்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி. இரண்டும் பொருந்தவே இல்லை! பிள்ளை பார்த்ததாகச் சொன்ன பல விஷயங்கள் பெற்றவர்களுக்கே தெரியவில்லை. பிள்ளைக்குள் இருந்த பயத்தின் அளவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

துப்பாக்கியால் இறந்தவர்களை எண்ணுவது சுலபம். இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் துப்பாக்கி வன்முறையின் நடுவே உயிரோடு வளர்ந்தவர்களை எண்ணுவது எப்படி? எண்ணி என்ன பயன்? இந்த இரண்டு கேள்விகளுக்கு அமெரிக்கா விடை தேடிய கதை சுமார் நாற்பதாண்டுக் கதை. நடுவில் ஒரு நீண்ட காலம், எண்ணுவதற்கான பணமே கிட்டத்தட்ட நின்றுபோனது என்பதும் இந்தக் கதையில் உண்டு.

மலேரியாவிலிருந்து துப்பாக்கிக்கு

சி.டி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1946-ல் அட்லாண்டா நகரில் தொடங்கப்பட்டது. அப்போது அதன் முக்கிய வேலை மலேரியா ஒழிப்பு. எங்கே யாருக்குக் காய்ச்சல் வந்தது, அங்கே தேங்கிய நீர் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுப்பதும், பிறகு அந்த இடத்துக்குப் போய் வேலை செய்வதும்தான் அவர்களுடைய வழி. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது மருத்துவம். வருவதற்கு முன்பே தடுப்பது பொது சுகாதாரம்.

இதே வழியை வன்முறைக்கும் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் 1970-களின் கடைசியில் பிறந்தது. 1979-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் வெளியிட்ட தேசிய சுகாதார அறிக்கையில், கவனிக்க வேண்டிய 15 துறைகளில் ஒன்றாக வன்முறையும் இடம்பிடித்தது. 1983-ல் சி.டி.சி. வன்முறையை ஆராயத் தனிப் பிரிவு தொடங்கியது. 1985-ல் தலைமை மருத்துவராக இருந்த எவரெட் கூப், மருத்துவர்களையும் மற்ற துறையினரையும் கூட்டி வன்முறையும் பொது சுகாதாரமும் என்ற பொருளில் ஒரு பெரிய பயிலரங்கம் நடத்தினார்.

அதுவரை வன்முறை என்றால் போலீஸ், கோர்ட், சிறை. அவ்வளவுதான். போலீஸ் கேட்கும் கேள்வி "யார் செய்தது?" மருத்துவர்கள் கேட்ட கேள்வி வேறு. "யாருக்கு நடக்கிறது? எங்கே? எந்த வயதில்? எதை மாற்றினால் குறையும்?"

இந்தக் கேள்விகளுக்கு இறப்புக் கணக்கு மட்டும் போதாது. வணிகவியல் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். கடையில் மொத்தமாகக் காணாமல் போன சரக்கை மட்டும் நட்டத்தில் எழுதி, உடைந்தது, நசுங்கியது, நனைந்தது எதையும் எழுதாவிட்டால் அந்தக் கணக்கு சரியாகுமா? ஒருவர் சுடப்பட்டு இறந்தால் ஏட்டில் ஏறுவது ஒரே ஒரு பெயர். ஆனால் அங்கே காயமடைந்தவர், பார்த்தவர், சத்தம் கேட்டவர், இறந்தவரின் தம்பி, அவரோடு படித்தவர் என்று எத்தனை பேர்? இவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் "வன்முறைக்கு ஆட்பட்டவர்கள்" என்கிறார்கள். இந்த ஆட்படுதலை அளக்கத் தொடங்கியதுதான் கதையின் திருப்பம்.

ஒரு விளையாட்டு மைதானமும் தூரக் கணக்கும்

1984 பிப்ரவரி 24. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 49-ஆவது தெருவிலுள்ள தொடக்கப்பள்ளி. பள்ளி விடும் நேரம். எதிர்ப்புற வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து ஒருவன் மைதானத்தில் இருந்த பிள்ளைகளை நோக்கிச் சுடத் தொடங்கினான். ஒரு சிறுமி இறந்தாள். பலர் காயமடைந்தனர்.

அதற்குப் பின் ராபர்ட் பைனூஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பள்ளிக்குப் போனார்கள். 159 பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசினார்கள். சுடும்போது மைதானத்தில் இருந்தவர்கள், வகுப்பறைக்குள் இருந்தவர்கள், வீட்டுக்குப் போய்விட்டவர்கள், அன்று விடுமுறையில் இருந்தவர்கள் என்று பிரித்தார்கள். பிறகு கெட்ட கனவு, திடுக்கிடல், பாடத்தில் மனம் நிற்காமை போன்ற அறிகுறிகளை எண்ணினார்கள்.

1987-ல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. துப்பாக்கிக்கு எவ்வளவு அருகில் இருந்தார்களோ அவ்வளவு அதிகமாக அறிகுறிகள் இருந்தன. குழந்தையின் மன பாதிப்பை வெறும் சுபாவம் என்றும் பயந்தாங்கொள்ளித்தனம் என்றும் தள்ளிவிட முடியாது, அதற்கு ஓர் அளவு உண்டு, அந்த அளவு நடந்த சம்பவத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்பதை இது காட்டியது. யாருக்கு முதலில் உதவி வேண்டும் என்று முடிவு செய்யவும் இதனால் வழி பிறந்தது. ஒரு பள்ளி முழுவதற்கும் ஒரே மருந்து என்பது சரியல்ல!

ஆனால் இது ஒரு நாள் நடந்த ஒரு சம்பவம். தினமும் சத்தம் கேட்கும் தெருக்களில் என்ன செய்வது?

சிகாகோவின் தென்பகுதி

1980-களின் நடுவிலிருந்து 1993 வரை அமெரிக்க நகரங்களில் இளைஞர்கள் துப்பாக்கியால் கொல்லப்படுவது வேகமாகக் கூடிக்கொண்டே போனது. சிகாகோவின் தென்பகுதியில் கறுப்பின மக்களுக்கு மனநல சேவை செய்துவந்தவர் டாக்டர் கார்ல் பெல். தம்மிடம் வரும் பிள்ளைகள் சொல்லும் கதைகளைக் கேட்டவர், இது எத்தனை பேருடைய கதை என்று தெரிந்துகொள்ள விரும்பினார். உளவியலாளர் எஸ்தர் ஜென்கின்ஸும் அவரும் சேர்ந்து, 2, 4, 6, 8-ஆம் வகுப்புகளில் படிக்கும் 536 பிள்ளைகளிடம் கேட்டார்கள்.

சுமார் நான்கில் ஒரு பிள்ளை, ஒருவர் சுடப்படுவதை நேரில் பார்த்திருந்தது! கத்தியால் குத்துவதைப் பார்த்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் இதில் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த நாளில் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குத்தான் மனக்காயம் உண்டு என்று பலரும் நினைத்திருந்தார்கள். வகுப்பில் முரட்டுத்தனமாக நடக்கும் பையனுக்கும், எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அதே காயம் இருக்கலாம் என்பதை பெல் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். 2019-ல் அவர் காலமானார்.

எண்கள் தவறான கைக்குப் போனால்...

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. எண்ணுவது எல்லாமே நன்மையில் முடிவதில்லை.

1995-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் ஜான் டியூலியோ ஒரு கட்டுரை எழுதினார். இரக்கமே இல்லாத, கொலைக்கு அஞ்சாத ஒரு புதிய தலைமுறைச் சிறுவர்கள் வரப்போகிறார்கள் என்று அதில் கணித்து, அவர்களுக்கு "சூப்பர்பிரிடேட்டர்" என்று பெயரும் வைத்தார். "மகா வேட்டை மிருகம்" என்பது போன்ற பொருள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. சிறுவர்களைப் பெரியவர்களைப் போலவே விசாரித்துத் தண்டிக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் கடுமையாக்கப்பட்டன.

நடந்தது என்ன? இளைஞர் வன்முறை கூடவில்லை. குறைந்தது. கணிப்பு அப்படியே தலைகீழானது. டியூலியோவே பின்னாளில் தம் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். 2012-ல் சிறுவர்களுக்கு விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக விதிப்பது பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சிறுவர்களுக்கு ஆதரவான மனுவில் அவரும் கையெழுத்திட்டார். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் சிறைக்குள் போனவர்களின் இளமை திரும்ப வருமா?

பெல்லும் டியூலியோவும் பார்த்தது ஒரே நகரங்களின் ஒரே வகைப் பிள்ளைகளை. ஒருவர் "இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று எண்ணினார். மற்றவர் "இந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறான்?" என்று எண்ணினார். பிள்ளைகளின் தலைவிதியை மாற்றும் அளவுக்கு இவ்விரண்டும் வேறுபட்டவை.

26 லட்சம் டாலர்

1993-ல் ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதுகாப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது, அந்த வீட்டில் கொலை நடக்கும் அபாயத்தைக் கூட்டுவதோடு தொடர்புடையது, ஏறத்தாழ 2.7 மடங்கு, என்பது அதன் முடிவு. ஆய்வுக்குப் பணம் சி.டி.சி.யிலிருந்து வந்திருந்தது.

தேசிய ரைபிள் சங்கம் கொதித்தெழுந்தது. துப்பாக்கி உரிமையாளர்களின் செல்வாக்குமிக்க அமைப்பு அது. சி.டி.சி.யின் காயத் தடுப்பு மையத்தையே இழுத்து மூட வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. மூடப்படவில்லை. ஆனால் 1996-ல் அர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜே டிக்கி, நிதி மசோதாவில் ஒரு வரியைச் சேர்த்தார். காயத் தடுப்புக்கான பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ பரப்பவோ பயன்படுத்தக் கூடாது என்பதே அந்த வரி.

வரியைக் கவனமாகப் படியுங்கள். ஆய்வு செய்யாதே என்று அதில் இல்லை. ஆனால் அதே நேரத்தில் சி.டி.சி.யின் பட்ஜெட்டிலிருந்து 26 லட்சம் டாலர் எடுக்கப்பட்டு மூளைக் காய ஆய்வுக்கு மாற்றப்பட்டது. துப்பாக்கிக் காய ஆய்வுக்கு முந்தைய ஆண்டு சி.டி.சி. செலவழித்த தொகை எவ்வளவு தெரியுமா? அதே 26 லட்சம்! சொல்லாமல் சொன்ன செய்தி எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தடை என்று எழுதாமலேயே தடை விழுந்தது. துப்பாக்கி என்ற சொல்லைத் தொட்டால் பணம் போய்விடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். இளம் ஆய்வாளர்கள் வேறு துறைகளுக்குப் போனார்கள்.

ஒரு நாட்டின் பட்ஜெட்டில் 26 லட்சம் டாலர் என்பது கடுகளவு. அந்தக் கடுகை எடுத்ததில் ஒரு துறையே ஏறக்குறைய இருபது ஆண்டு முடங்கியது.

இந்தக் கதையில் நெகிழ வைக்கும் ஒரு பகுதியும் உண்டு. எந்த மையத்தின் பணத்தை டிக்கி வெட்டினாரோ அந்த மையத்தின் தலைவராக இருந்தவர் மார்க் ரோசன்பர்க். எதிரிகளாக இருந்த இருவரும் பின்னாளில் பேசத் தொடங்கி நண்பர்களானார்கள். 2012 ஜூலையில் கொலராடோ மாநிலத்தின் ஆரோரா திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், இருவரும் சேர்ந்தே வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் கட்டுரை எழுதினார்கள். துப்பாக்கி உரிமையைப் பறிக்காமலேயே துப்பாக்கிக் காயங்களைத் தடுக்க முடியும், அதற்கு ஆய்வு வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த ஆய்வை நிறுத்தியவரே அதைக் கேட்டார்! டிக்கி 2017-ல் காலமானார்.

இருண்ட காலத்திலும் எரிந்த விளக்குகள்

சி.டி.சி. ஒதுங்கிக்கொண்டாலும் எல்லாமே நின்றுவிடவில்லை. சிகாகோவில் 1990-களில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு தொடர்ந்து நடந்தது. மனநல மருத்துவர் ஃபெல்டன் எர்ல்ஸ் தலைமையில், நகரின் 80 குடியிருப்புப் பகுதிகளிலிருந்து 6,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்.

இந்த ஆய்வுக்காக ஒரு புதிய அளவுகோல் உருவாக்கப்பட்டது. பார்த்தாயா, உனக்கே நடந்ததா, வாழ்நாளிலா, போன வருஷத்திலா என்று பிரித்துப் பிரித்துக் கேட்கும் நேர்காணல் அது. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது. தள்ளிவிட்டதைப் பார்த்ததும் சுட்டதைப் பார்த்ததும் ஒன்றா? தேர்வில் எளிய கேள்வி, கடினமான கேள்வி என்று எடை போடுவதுபோல், அரிதான கொடுமைக்கு அதிக எடை.

2005-ல் இந்தத் தரவுகளிலிருந்து வந்த முடிவு 'சயின்ஸ்' இதழில் வெளியானது. துப்பாக்கி வன்முறைக்கு ஆட்பட்ட வளரிளம் பருவத்தினர், அடுத்த இரண்டு ஆண்டுகளில் தாமே கடும் வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது!

இங்கே ஒரு சந்தேகம் வரும். மோசமான தெருவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்ததுதான் காரணமோ, பார்த்தது காரணமில்லையோ என்று. அதனால்தான் ஆய்வாளர்கள் குடும்பம், வருமானம், தெரு, முந்தைய நடத்தை எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் பிள்ளைகளை, ஆட்பட்டவர் ஆட்படாதவர் என்று சேர்த்துவைத்து ஒப்பிட்டார்கள். அப்படியும் வித்தியாசம் நின்றது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரட்டிப்பு என்றால் பார்த்த எல்லோரும் குற்றவாளி ஆவார்கள் என்று அர்த்தமில்லை. பெரும்பாலோர் ஆகவில்லை. தொற்றுநோய் போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் தன்மை வன்முறைக்கு இருக்கிறது என்பதுதான் அர்த்தம். பரவுகிறது என்றால் இடையில் நிறுத்தவும் முடியும்!

2010-ல் சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்க்கி அதே பிள்ளைகளின் தரவை வேறு விதமாகப் பயன்படுத்தினார். பிள்ளைகளிடம் எதுவும் புதிதாகக் கேட்கவில்லை. அவர்கள் வாசிப்புத் தேர்வும் சொற்திறன் தேர்வும் எழுதிய தேதிகளை ஒரு பக்கம் வைத்தார். அவர்கள் வீட்டருகே கொலை நடந்த தேதிகளைப் போலீஸ் பதிவிலிருந்து எடுத்து மறு பக்கம் வைத்தார். கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் தேர்வு எழுதிய கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண், அதே பகுதியில் வேறு நேரத்தில் எழுதியவர்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. அந்தப் பிள்ளை கொலையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தெருவில் நடந்தாலே போதும்.

தேர்வு முடிவை வைத்து ஒரு பிள்ளையை மக்கு என்று சொல்லும் முன், அந்த வாரம் அவன் தெருவில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டார்களா?

நான்கு கேள்விகள்

அளப்பது தடுப்பதற்காக என்றால், அளவுகோல் ஆய்வகத்தை விட்டு வெளியே வர வேண்டும். மிஷிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் அது நடந்தது. கார் தொழிற்சாலைகள் போன பிறகு வறுமையில் விழுந்த ஊர் அது. அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த, போதைப்பொருள் பழக்கமும் இருந்த, 14 முதல் 24 வயது வரையிலான 599 பேரை மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான விவரங்களிலிருந்து, எதிர்காலத் துப்பாக்கி வன்முறையை முன்கூட்டிக் காட்டுபவை எவை என்று சலித்தார்கள். 2017-ல் கடைசியாக மிஞ்சியவை நான்கே நான்கு.

கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை கைகலப்பில் ஈடுபட்டாய்? உன் நண்பர்களில் எத்தனை பேர் கத்தியோ துப்பாக்கியோ வைத்திருக்கிறார்கள்? உன் பகுதியில் எத்தனை முறை துப்பாக்கிச் சத்தம் கேட்டாய்? உன்னை நோக்கி எத்தனை முறை துப்பாக்கியை நீட்டினார்கள்?

இவற்றுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். கட்டுப்போடும் நேரத்தில் ஒரு நர்ஸ் கேட்டு முடித்துவிடலாம். நான்கு கேள்விகளில் இரண்டு, அந்த இளைஞன் செய்ததைப் பற்றியதே அல்ல. அவன் காதில் விழுந்ததும் அவன் முன் நீட்டப்பட்டதும்தான். ஒரே நகரத்தில், ஒரு குறிப்பிட்ட குழுவினரிடம் உருவான அளவுகோல் என்பதால் எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ஆட்படுதலை அளப்பது மருத்துவமனைப் படுக்கை வரை வந்துவிட்டது.

பணம் திரும்பியது, பிறகு...

2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம், டிக்கி வரி ஆய்வைத் தடுக்கவில்லை என்று விளக்கம் தந்தது. 2019 டிசம்பரில் 2 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டு, சி.டி.சி.க்கும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வறட்சிக்குப் பின் வந்த மழை.

ஆனால் மழை வந்த நேரத்தில் நிலைமை மோசமாகியிருந்தது. 2020-ல், 1 முதல் 19 வயது வரையுள்ள அமெரிக்கர்களின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது. அதுவரை முதலிடத்தில் இருந்தது வாகன விபத்து. அந்த ஓராண்டில் அந்த வயதினரில் 4,300-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் இறந்தார்கள். பெரும்பகுதி கொலைகள், அடுத்த இடத்தில் தற்கொலைகள். வாகன விபத்து மரணங்கள் பல பத்தாண்டுகளில் குறைந்ததற்குக் காரணம், அவற்றை எண்ணி, ஆராய்ந்து, சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் நல்ல சாலைகளும் கொண்டுவந்ததுதான். கார்களைத் தடை செய்யவில்லை!

பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளை எண்ணியது அரசு அல்ல, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ். 1999-ல் கொலம்பைன் பள்ளியில் நடந்த கொலைகளிலிருந்து தொடங்கி, சம்பவம் நடந்த நேரத்தில் அந்தந்தப் பள்ளிகளில் படித்த மாணவர்களைக் கூட்டியது. கணக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவுக்கும் பள்ளிகளில் நடப்பது மொத்தத்தில் சிறு பகுதிதான். பெரும்பகுதி வீட்டிலும் தெருவிலும் நடக்கிறது.

சி.டி.சி. இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பில், 2021-ல்தான் தெருவில் கண்ட வன்முறை பற்றிய கேள்வி நாடு முழுவதற்குமாகச் சேர்க்கப்பட்டது. ஐந்தில் ஒரு மாணவர் ஆம் என்றார். ஆனால் அடித்தது, குத்தியது, சுட்டது எல்லாம் ஒரே கேள்விக்குள் இருந்தன. அதனால் சுட்டதைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று தனியாகப் பிரிக்க முடியாது. பள்ளியை விட்டு நின்றவர்கள் கணக்கிலேயே இல்லை. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் அவர்களாகத்தான் இருக்கக்கூடும்!

சிகாகோ ஆய்வின் பிள்ளைகள் இதற்குள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களில் 2,400-க்கும் மேற்பட்டோரின் வாழ்க்கையை வைத்து 2023-ல் வெளியான முடிவு இது: 40 வயதுக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் ஒருவர் சுடப்படுவதை நேரில் பார்த்திருந்தார்கள். கறுப்பின, ஹிஸ்பானிய மக்களில் 56 சதவீதம். வெள்ளையரில் சுமார் 25 சதவீதம். பார்த்தபோது சராசரி வயது 14.

2024 ஜூனில் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, துப்பாக்கி வன்முறை ஒரு பொது சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். 2025-ல் ஆட்சி மாறிய பின் அந்த அறிவிப்பு அரசு இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சி.டி.சி.யின் காயத் தடுப்பு மையத்தில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்தது. 1996-ன் நிழல் மறுபடி விழுந்தது.

எண்ணினால் குறையுமா?

நியாயமான கேள்வி. வெறும் எண்ணிக்கை யாரையும் காப்பாற்றாது. ஆனால் எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை அது காட்டும்.

ஃபிலடெல்ஃபியா நகரில் குப்பை மண்டிக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல் வளர்த்து, மரம் நட்டு, தாழ்வான வேலி போட்டார்கள். எந்த மனைகள் என்று சீட்டுக் குலுக்கியதுபோலத் தேர்ந்தெடுத்து, தொடாமல் விட்டவற்றோடு ஒப்பிட்டார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. சட்டமும் இல்லை, துப்பாக்கிப் பறிமுதலும் இல்லை. புல்லும் வேலியும்தான்! எந்தத் தெருவில் எத்தனை முறை சுட்டார்கள் என்ற கணக்கு இல்லாவிட்டால் இது பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

ஓக்லண்ட் நகரில் 1994-லிருந்தே, குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் இளைஞர்களை அவர்களைப் போன்ற வாழ்க்கையிலிருந்து மீண்டவர்கள் படுக்கையருகே போய்ச் சந்தித்தார்கள். பழிவாங்கப் போகாமல் தடுப்பதும், படிப்புக்கோ வேலைக்கோ வழி காட்டுவதும் அவர்கள் பணி. இந்த முறை பிறகு பல நகரங்களுக்குப் பரவியது.

முடிவாக...

கேள்வி கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளையிடம் "பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு, அவன் ஆம் என்றதும் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டால் அது அளவை அல்ல, கொடுமை. அந்த விடை போலீஸ் கோப்புக்குப் போனால் அடுத்த பிள்ளை உண்மை சொல்லப் போவதில்லை. விடை கிடைத்தால் உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் எண்ணும் உண்மையாக இருக்கும்.

வாஷிங்டனில் அந்தச் சின்னப் புத்தகத்தில் வட்டம் போட்ட குழந்தைகளுக்கு இப்போது நாற்பது வயதைத் தொடும் அல்லது தாண்டியிருக்கும். பலருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். அன்று அவர்களுடைய தாய்மார்களுக்குத் தெரியாமல் போனது, இன்று இவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி இவர்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது. பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். கேட்டபின் சும்மா இருக்கக் கூடாது.